கட்டையை ஒட்டிய விளக்கு

பாலக்கரை எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர் முருகானந்தத்துக்கு எதைப் பார்த்தாலும் இளக்காரம். ஸ்ரீரங்கத்துக்கு வேலைக்கு வந்தால் அது இன்னும் கொஞ்சம் கூடும். வடக்குச் சித்திரை வீதியில் பராசரன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோதே உதட்டைப் பிதுக்கிவிட்டான். இடித்துத் தள்ள வேண்டிய வீட்டுக்கு விளக்கு அலங்காரம் ஒரு கேடா?

அவர்கள் 'நடு உள்ளு' என்று சொல்லும் நடு அறையின் மேலே வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் செங்கல் தளம். கட்டைகள் தெரியாமல் இருக்க அடியில் புதிதாக ஃபால்ஸ் சீலிங் அடித்திருந்தார்கள். அதில் வட்டமாக ஓட்டை போட்டு ஸ்பாட் லைட் பதிக்க வேண்டியதுதான் அவன் வேலை.

"பொண்ணு அம்ருதா பிரசவத்துக்கு வரா. இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து இந்த உள்ளுலதான் படுத்துப்பா," என்றார் பராசரன். "எல்இடி தானே? சூடே இருக்காதுன்னேளே?"

"தொட்டா ஐஸ் மாதிரி இருக்கும் சாமி."

வாய் கூசாமல் சொன்னான். பெட்டியில் இருந்ததெல்லாம் கடையில் விலை போகாமல் கிடந்த ஹாலஜன். எரிய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் விரல் வைத்தால் தோல் உரிந்துவிடும்.

பராசரனின் மனைவி கோதைநாயகிக்கு மனசு கேட்கவில்லை. "இவரோட அத்தை இந்த உள்ளுலதான் நெருப்புல போனா. நிறைமாசம் அப்போ. தூக்கிப் பிடிச்ச விளக்குலேர்ந்து புடவை பத்திண்டுடுத்து. அன்னிலேர்ந்து இங்க விளக்கைத் தரையிலதான் வைப்போம். கரண்ட் வந்தப்புறமும் பல்பை முழங்கால் ஒசரத்துலதான் மாட்டியிருக்கோம், பாருங்கோ."

"அந்த வழக்கமெல்லாம் நெருப்புக்கு," என்று பராசரன் மறுத்தார். "சூடில்லாத வெளிச்சத்துக்கு ஏது தோஷம்?"

முருகானந்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். முழங்காலுக்குப் பல்பு மாட்டிய மேதாவிகள்! இவர்களை ஏமாற்றுவதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

கட்டை எங்கே ஓடுகிறது என்று முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். அதை விட்டுத் தள்ளி ஓட்டை போட வேண்டும். மேலே கிடக்கும் தூசியையும் குருவிக்கூட்டு வைக்கோலையும் வழித்தெடுத்து, விளக்கின் தலையில் சூடு தாங்கும் மூடியைக் கவிழ்க்க வேண்டும். இந்த மகாராஜனுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள் என்கிற திமிர்தான். நேர்கோட்டில் ஓட்டை போட்டான். கட்டை குறுக்கே வந்த இடத்தில் உளியால் அதன் விளிம்பைச் செதுக்கித் தள்ளினான்.

செதுக்கச் செதுக்க ஒரு வாடை இறங்கியது. மர வாடை இல்லை. முடி பொசுங்கும் வாடை.

"செத்த எலி," என்று முனகிக்கொண்டே விளக்குகளைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டான். கட்டையை ஒட்டிய விளக்கு மட்டும் ஓட்டையிலிருந்து நழுவி ஒயரில் தொங்கியது. ஏணியில் ஏறி உள்ளே தள்ளினான். இறங்குவதற்குள் மறுபடி தொங்கியது. கிளிப்பைச் செய்தவனின் பரம்பரையையே திட்டினான்.

திரும்பவும் தள்ளினான்.

மேலே இருந்து யாரோ அழுத்தினார்கள்.

ஸ்பிரிங்குக்கு அந்தப் பலம் கிடையாது. விட்டு விட்டு, பொறுமையாக, உள்ளங்கை வைத்து அழுத்துவது போல இருந்தது. விளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினான். தூசி. வைக்கோல். கட்டையின் சொரசொரப்பு.

அப்புறம் விரல்கள்.

மெலிந்த விரல்கள் அவன் மணிக்கட்டைப் பற்றின. சீலிங்குக்கு மேலே, அவன் தலைக்கு நேராக, ஒரு பெண்குரல் கிசுகிசுத்தது.

"சுடறது."

கையை உருவிக்கொண்டு ஏணியோடு சரிந்தான். ஜன்னலில் பட்டப்பகல் வெயில். அப்போதாவது அந்தப் பல்புகளைக் கழற்றி எடுத்திருந்தால் மனுஷன் என்று சொல்லலாம். ஆனால் ஐயர் வீட்டுப் பேய்க்குப் பயந்தான் என்று ஊர் சிரித்துவிடுமே! எல்லா விளக்கையும் சிலிக்கான் பசை தடவி ஒட்டினான். மேலே யாரோ விசும்புவது கேட்டது. காது கேளாதவன் மாதிரி சாமான்களை அள்ளிக்கொண்டான்.

"ஒரு பிரச்னையும் இல்ல சாமி."

அம்ருதா வந்து இறங்கினாள். அறைக்குள் போய் விளக்கைப் போட்டு, "அழகா இருக்குப்பா," என்று கட்டிலில் சாய்ந்தாள். அதைப் பார்த்தபின்பும் அவன் வாயைத் திறக்கவில்லை.

வாசலில் பையைக் கட்டி வண்டியைக் கிளப்பும்போது அம்ருதா வெளியே வந்து நின்றாள். அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்து, "போயிட்டு வாங்கோ," என்றாள்.

"வரேம்மா," என்றான். கள்ளமில்லாத பெண். அதற்கும் அவனுக்கு இளக்காரம்தான்.

காவிரிப் பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. டயரில் காற்று இல்லை போலும் என்று நினைத்தான். பொசுங்கிய வாடை பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. சட்டையில் ஒட்டிய தூசியாக இருக்கும்.

பாலக்கரையில் வீட்டு வாசலில் இறங்கியதும் போன் அடித்தது. பராசரன் அழுதுகொண்டிருந்தார்.

"நடு உள்ளு பத்திண்டுடுத்து முருகானந்தம். சீலிங் முழுக்க கட்டில் மேல விழுந்துடுத்து."

முருகானந்தம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "உங்க பொண்ணு?"

"பெருமாள் காப்பாத்தினார். படுத்துண்டிருந்தவளைக் கையைப் பிடிச்சு எழுப்பி, வாசல் வரைக்கும் அழைச்சுண்டு வந்து விட்டாளாம், உங்களோட வேலைக்கு வந்த அம்மா. அவளுக்கு நமஸ்காரம் சொல்லணும். போனைக் குடுங்கோ."

"என்னோட யாரும் வரல சாமி."

"வரலையா?" பராசரன் திகைத்தார். "உங்க வண்டியில பின்னால ஏறி உக்காந்தாளாமே! அம்ருதா போயிட்டு வாங்கோன்னு சொன்னாளே!"

முருகானந்தத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கதவைத் திறந்த அவன் மனைவி வள்ளிக்கண்ணு அவனை முறைத்தாள்.

"ஏங்க, புள்ளத்தாச்சிய வாசல்லயே நிக்க வச்சிட்டு அப்படி என்ன போனு?"

சொல்லிவிட்டு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"நீ உள்ள வா தாயி."