இரண்டாம் நிலை அலை

"யம்மா... அலை இல்லாத எடமா பாத்து நிக்கிறியே, உனுக்கு எதுனா வேண்டுதலா?"

குரல் கடலிலிருந்து வந்தது. யசோதரா திடுக்கிட்டுத் திரும்பினாள். திருவொற்றியூரில் கடலுக்குள் கருங்கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் ஓரம் அது. மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நீலப் பலகை ஒன்றின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இமையில் நீர் சொட்ட... அந்தக் கண்கள்... சே, இப்போது கண்களைப் பார்க்கிற நேரமா?

"தண்ணி இங்கதான் அமைதியா கீது. புதுசா கத்துக்கிறவங்களுக்கு நல்ல எடம்னு நெனச்சேன்."

"அவங்க மேல உனுக்கு இன்னா கோவம்?"

பலகையைக் கரைக்கு இழுத்து வந்தவன், கிடந்த தேங்காய் மட்டை ஒன்றைப் பொறுக்கி அவள் காலடியில் இருந்த அமைதியான நீரில் போட்டான். மட்டை ஒரு கணம் யோசித்தது. பிறகு கல்லை ஒட்டியே வழுக்கிக்கொண்டு, யாரோ கயிறு கட்டி இழுப்பதைப் போல, நேராக நடுக்கடலை நோக்கிப் போயே போய்விட்டது.

"கல்லாண்ட அமைதியா தெரியுதே... அதான் வெளிய இஸ்துகினு போற தண்ணி. ஏறுனா அந்தமான்லதான் எறக்கிவுடும்."

பாறையோரத்து அமைதியான நீர் புதியவர்களுக்கு நல்லது என்று யசோதரா நேற்றுத்தான் எழுதி அனுப்பியிருந்தாள். அவள் வேலை அப்படி. வண்ணாரப்பேட்டையில் சௌக்கத் அலி பாய் நடத்தும் சுற்றுலா அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும் எரிமலைத் தீவு ஒன்றில் எந்தக் கடற்கரை எந்த அலைச்சறுக்குக்காரருக்குப் பொருத்தம் என்று எழுதுவாள். தீவைப் பார்த்ததில்லை. கடலைப் பார்த்திருக்கிறாள், கணுக்கால் வரைக்கும். கறுப்புப் பாறையில் அலை எப்படித்தான் உடைகிறது என்று பார்க்கும் ஆசைதான் இன்று வியாசர்பாடியிலிருந்து இங்கே இழுத்து வந்தது.

அவன் எதிரிலேயே அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். "பாய், அந்த 'அமைதியான நீர்' வரியை நிறுத்திடுங்க... ஆமா பாய்... ஆளைக் கொன்னுடும் பாய்."

அவன் சிரித்தான். சிரித்தால் கன்னத்தில் குழி விழுந்தது. தேவையா இது?

"பேரு இன்னா?"

"யசோதரா."

"வியாசர்பாடியா?"

"எப்டி தெரியும்?"

"தோஸ்து ஒருத்தன் அங்க கீறான். தெருவுக்கு ரெண்டு யசோதரா, மூணு சித்தார்த்தன்னு சொல்லுவான். நான் நிலவன். எண்ணூர் முகத்துவாரக்குப்பம்."

நிலவன் கோவளத்தில் பயிற்சி பெற்று, முறையாகச் சான்றிதழ் வாங்கிய அலைச்சறுக்கு மாஸ்டர். சான்றிதழுக்கு எண்ணூரில் இதுவரை யாரும் மரியாதை கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

தேங்காய் மட்டை போன கதையைக் கேட்டதும் பாய்க்கு ஞானோதயம் பிறந்தது. "எழுதுறவ போய்ப் பாக்கணும்மா. ரெண்டு மாசம் தீவுல தங்கி ஒவ்வொரு கடற்கரையா பாத்துட்டு வா. ஆனா அந்த ஊரு அலைச்சறுக்குப் பள்ளிக்கூடத்துக்காரன் ரெண்டாம் நிலை தாண்டுனவங்களைத்தான் பாறைப் பக்கம் உடுவானாம். ஒரு மாஸ்டர் ஃபோன்ல சொல்லணுமாம். மழைக்காலத்துக்குள்ள ஆவலன்னா, கோவளத்துல அலைச்சறுக்குற ஷிஜியை அனுப்பிடுவேன்."

அவள் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் யசோதரா. எடுத்ததோடு சரி... ஒரு முத்திரைகூட விழவில்லை. அவளுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நிலவனிடமே கற்றுக்கொள்வது என்று முடிவானது. ஞாயிறு தோறும் பாடம் நடந்தது.

"மொதல் நிலை, உடைஞ்சு வர்ற நுரை. மணல் தரை, பஞ்சுப் பலகை. வுழுந்தா மானம் மட்டும்தான் போவும்," என்றான் நிலவன். நீலப் பலகை அவளுக்கு. "ரெண்டாம் நிலை, உடையாத அலை. அது உடையுறதுக்கு முன்னாடி நீ ஏறிக்கணும், ஏறி பக்கவாட்டுல திரும்பணும். அதுக்கு அந்தப் பலகை." படகில் சாய்ந்து நின்ற வெள்ளைப் பலகையைக் காட்டினான். "மூணாவது, அடியில பாறை. அங்க நிக்கத் தெரிஞ்சா போதாது, வுழத் தெரியணும்."

யாரையும் அவன் வாயால் தேறிவிட்டாய் என்று சொல்வதில்லை. வெள்ளைப் பலகையைக் கையில் கொடுப்பான். அவ்வளவுதான். அதுதான் அவனுடைய பரீட்சை முடிவு.

பாடம் முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் ஏறிக் கடலோரம் முழுக்கத் தரம் பிரித்தார்கள், இதுவும் ஒரு தீவு என்பது போல.

"எரிமலை எங்க மாஸ்டர்?"

அவன் எண்ணூர்ப் புகைபோக்கிகளைக் காட்டினான். "அணையவே அணையாது. மூணு ஷிப்டு."

"கறுப்பு மணல்?"

"சாம்பலா வந்து வுழுதே, அப்புறம் இன்னா?"

"காசிமேடு?"

"படகு நிக்கவே எடம் இல்ல, அலை எங்க நிக்கும்?"

"உங்க முகத்துவாரம்?"

"ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் சண்டை போட்டுகினே இருக்கும். எங்காளுங்களே பாத்துத்தான் எறங்குவாங்க. நீ பக்கத்துல வராத."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அலை ஏன் ஏழெட்டு சேர்ந்து வருகிறது? காலையில் ஏன் வழவழப்பாக இருக்கிறது? உன் புருவத்தில் அந்தத் தழும்பு எப்படி வந்தது? கடைசிக் கேள்வி வந்ததும் அவன் பலகையைத் துடைக்க ஆரம்பித்தான். காதுமடல் சிவந்தது.

ஒரு நாள் அவன் கேட்டான். "அந்தக் கதையில யசோதராவை உட்டுட்டுப் போனது சித்தார்த்தருதான?"

"ஆமா. இங்க நான் போறேன். கணக்கு நேராயிடும்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை... ஏன்?

ஆடி வந்தது. மேற்குக் காற்று அலையைச் சீவிச் சீவி நிறுத்தியது. ஒரு காலையில் நீலப் பலகையில் படுத்தபடி நுரையைத் தாண்டிப் போனவள், உடையாத பச்சை அலை ஒன்றில் ஏறி நின்று, இடுப்பைத் திருப்பி, கரை வரைக்கும் சாய்ந்துகொண்டே வந்தாள். உடம்பே பாடியது. ஓடி வந்து மூச்சிரைக்கக் கேட்டாள்.

"ரெண்டாம் நிலைதான மாஸ்டர்?"

நிலவன் கடலைப் பார்த்தான். "மொதல் நிலைதான்."

அடுத்த ஞாயிறும் அதே பதில். அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு தடவையும் கடலைப் பார்த்தே சொன்னான். வெள்ளைப் பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. யசோதராவுக்குத் தன் கால்கள் மேலேயே சந்தேகம் வந்தது. நின்றது பொய்யா? திரும்பியது அதிர்ஷ்டமா? சந்தேகம் வந்ததும் நிஜமாகவே விழ ஆரம்பித்தாள்.

மழைக்காலம் நெருங்கிய ஒரு காலையில், கேட்காமலேயே வெள்ளைப் பலகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள். அவன் ஓடி வந்து பிடுங்கினான்.

"சொன்னா கேக்க மாட்டியா? உனுக்கு வராது!"

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வராது... அந்த ஒரு சொல்! அவள் கண்ணில் உப்பு நீர் நின்றது. கடலுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சரி மாஸ்டர். வராது."

அத்தோடு போய்விட்டாள். அவன் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தான், அவள் எடுக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை பாயிடம் போய், "ஷிஜியையே அனுப்புங்க பாய்," என்றாள். பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் யோசிம்மா," என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை கொட்டியது. தீபாவளித் துணிக்காக வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஊரே குவிந்திருந்தது. அலுவலக ஜன்னல் வழியே பார்த்த யசோதராவுக்கு முதலில் புரியவில்லை. கூட்டத்துக்கு மேலே வெள்ளையாக ஏதோ மிதந்து வந்துகொண்டிருந்தது.

"இன்னா நைனா, இஸ்திரி போடுற பலகையா? எங்க வாங்குன?"

"மாமு, அத்த கொஞ்சம் சாய்ச்சுப் புடி, மழைக்கு ஒதுங்கிக்கிறேன்!"

பலகையை வாசல் நிலையில் இரண்டு தடவை இடித்து, ஒரு வழியாக உள்ளே நுழைந்தான் நிலவன். தொப்பலாக நனைந்திருந்தான். பாய் அவனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தொழுகைக்கு நேரமாச்சு," என்று எழுந்தார். நேரம் இன்னும் ஆகவில்லை.

"இன்னாத்துக்கு வந்த?"

"குடுக்க." பலகையை அவள் முன்னால் நிறுத்தினான். "நீ ஆடி மாசமே தேறிட்ட யசோ. அந்தப் பச்சை அலை... அப்பவே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா போயிடுவ."

பலகையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"என் கால் மேலயே எனுக்கு நம்பிக்கை போச்சு. தெரியுமா? ராத்திரி எல்லாம் அழுதேன். ஆசைன்னு பேரு வெச்சு நீ பண்ண வேலை இருக்கே... கலீஜு!"

"தெரியும்." அவன் தலை நிமிரவில்லை. "அன்னிக்கு 'வராது'ன்னு சொன்னேன்ல... உன் மூஞ்சி போன போக்கைப் பாத்துட்டு அப்புறம் நான் கடல்லயே எறங்கல. இத்த சொல்லாம உன்னை இங்கயே வெச்சிகினா, நான் மாஸ்டரும் இல்ல, மனுசனும் இல்ல."

"இந்தா நம்பர், ஃபோனைப் போடு. தீவுக்காரன்கிட்ட இப்பவே சொல்லு."

போட்டான். "சார்... யசோதரா ரெடி சார். செகண்ட் லெவல். வெரி குட் சார்." தன் ஆங்கிலம் முழுவதையும் செலவழித்துவிட்டு, மிச்சத்தைத் தமிழிலேயே சொன்னான். "பத்திரமா பாத்துக்கோ சார்."

அந்தப் பக்கம் இருந்தவருக்கு என்ன புரிந்ததோ... அவளுக்குப் புரிந்தது. நெஞ்சில் இருந்த கல் ஒன்று மெல்ல நகர்ந்து வழி விட்டது.

"நான் போவேன்," என்றாள்.

"போ."

"ரெண்டு மாசம்."

"ம்."

"வேற எதுனா மறைச்சு வெச்சிகிறியா?"

வெளியே மழை தகரக் கூரைகளை எல்லாம் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது. முதல் தடவையாக அவன் கடலைப் பார்க்காமல் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"உன்னை எனுக்கு ரொம்ப புட்ச்சிகீது யசோ."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது, அதை அவனுக்குக் காட்டுவதாக இல்லை. கோபம் இன்னும் பாதி பாக்கி இருந்தது.

"நான் அங்க கீறப்போ, ஞாயித்துக்கிழமையானா எங்க வூட்டுக்குப் போ."

"உங்க வூட்டுக்கா?"

"வஞ்சிரம் எடுத்துகினு போ. எங்கம்மாகிட்ட குந்திப் பேசு. நீ பண்ண கலீஜு வேலையை மொதல்ல சொல்லு. திட்டுவாங்க. வாங்கிக்கோ."

"அப்புறம்?"

"அப்புறம்..." துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள். "எனுக்கும் உன்னைப் புட்ச்சிகீதுன்னு நீயே அவங்ககிட்ட சொல்லிடு... எனுக்கு வெக்கமா கீது."