கோட்டின் மேல் ஒரு சில்லு

போன் அலறியது!

"நெலிதா, மூணு மணிக்கு உன் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பறேன்." மேலதிகாரியின் குரல். "தடுக்காதே."

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, சார்!"

இன்ஸ்பெக்டர் நெலிதா போனை வைத்தாள். கழுத்திலிருந்த லூஹான் மாதாவின் பதக்கத்தை விரல்கள் தாமாகவே தேடின.

மார் தெல் பிளாத்தாவின் கடலோரச் சூதாட்ட விடுதி. ரூலெட் மேசையடியில், வெள்ளைத் துணியின் கீழ் எவரிஸ்தோ. இருபத்திரண்டு ஆண்டுகளாக அம்மேசையில் பந்து உருட்டியவர். முதுகில் குத்து!

மேசையில் சக்கரம் இல்லை. அது இருந்த இடத்தில் வெறும் குழி. 'சக்கரத்துல எவனோ கை வெச்சிருக்கான்' என்று நேற்றுத்தான் அவர் புகார் எழுதியிருந்தார்.

எண்கள் அச்சிட்ட பச்சை விரிப்பில் ஒற்றைப் பந்தயச் சில்லு. இருபத்தாறின் மேல்.

அவள் தம்பி, துப்புரவுக்காரன் ருஃபினோவின் லாக்கர் எண்ணும் இருபத்தாறு! சாகும்முன் எவரிஸ்தோ விட்ட துப்பு என்று அவனைப் பிடித்திருந்தார்கள்.

"அக்கா... நான் செய்யலைக்கா..." கைவிலங்கோடு விம்மினான் ருஃபினோ.

"அழாதேடா. சில்லை நல்லா பாரு."

"இருபத்தாறுல இருக்கு..."

"இருபத்தாறுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுக்கோட்டுல இருக்கு. கோட்டுல வெச்சா ரெண்டு நம்பருக்கும் பந்தயம். எவரிஸ்தோ செத்தாலும் அப்படித் தப்பா வெக்க மாட்டார். விரிப்பு தெரியாத எவனோ வெச்சிருக்கான்!"

கதவருகே ஒருவன் செருமினான். ஒக்தாவியோ. இறந்தவரின் மைத்துனன். ஊழியர் அறைக்கு நாள்தோறும் அல்ஃபஹோர் இனிப்பு கொண்டுவருபவன்.

"என் அக்கா புருஷனைப் பறிகொடுத்து நிக்கறா, சென்யோரா. நீங்க தம்பிக்கு வக்காலத்து வாங்கறீங்க!"

"உங்களுக்கு ரூலெட் தெரியுமா?"

"கண்ணால பார்த்ததில்லை. மாவும் பால்பாகும்தான் தெரியும்."

நெலிதா பெருமூச்செறிந்தாள்.

"பிணத்தைப் பார்த்த டாக்டர் வேற சொல்றாரே... கை நீண்டிருக்கற விதத்துல, எவரிஸ்தோ சில்லை வெக்கப் பார்த்தது பூஜ்யத்துலயாம். அப்போ என் தம்பி தப்பிச்சான்."

ஒக்தாவியோவின் முகம், காற்றில் அகப்பட்ட விளக்குச் சுடராய்த் துடித்தது.

"அதெப்படி? சாகறவர் கை நடுங்காதா? ஒரு நூல் தள்ளிப்போச்சு... அவ்வளவுதான்! பூஜ்யத்தை ஒட்டித்தானே இருபத்தாறு!"

நெலிதா விரிப்பைச் சுட்டினாள்.

"எங்கே... காட்டுங்க."

அவன் விரிப்பை நோக்கினான். தலைமாட்டில் பூஜ்யம். அதை ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தாறோ... எட்டு வரிசைக்கு அப்பால்!

நெற்றியில் வேர்வை அரும்பியது.

"விரிப்புல அது எங்கேயோ இருக்கு, ஒக்தாவியோ. சக்கரத்துல நம்பர் வரிசையே வேற; அங்கேதான் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. சக்கரம் அத்துப்படி, விரிப்பு தெரியலை... சூதாடறவனுக்கு ரெண்டும் தெரியும். இனிப்பு விக்கறவனுக்கு ரெண்டும் தெரியாது. சக்கரத்தைத் திருட்டுத்தனமாக் கழட்டி மாட்டறவன் ஒருத்தனுக்குத்தான் இப்படி! உன் இனிப்பு வண்டிச் சாவியைக் குடு!"

அவன் ஓடினான். வாசலில் நின்ற காவலர் இருவர் அள்ளிக்கொண்டனர்.

வண்டியில், இனிப்புத் தட்டுகளின் அடியில்... சக்கரம்!

"டாக்டர் பூஜ்யம்னு சொன்னதாச் சொன்னியே!" திமிறினான் ஒக்தாவியோ.

"டாக்டரா? அவர் இன்னும் வந்தே சேரலை!"

தம்பியின் கைவிலங்கைக் கழற்றி ஒக்தாவியோவுக்குப் பூட்டினாள் நெலிதா. மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

"பூஜ்யத்துக்குப் பக்கத்துல ஒண்ணு, ரெண்டு, மூணு... மறந்துடாதே. உள்ளே போய் அதே வரிசையில கம்பி எண்ணு!"