பாட்டிலின் மேல் இரண்டு விரல்

"யாரு பண்ணினாங்கன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவி துணிப்பையிலிருந்து ஒரு பழைய ஒயின் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அண்ணி, சுங்க இலாகாவில் முப்பது வருஷம் ஊரார் பெட்டியைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர், நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவருடைய கொழுந்தன் போட்டோக்காரர் அதற்குள் கேமராவைத் தூக்கிவிட்டார்.

விஷயம் இதுதான். இரண்டு நாடுகள் வர்த்தக ஒப்பந்தம் போடப் போகின்றன. அதன் பட்டியலில் ஏறும் பெயரை அந்தந்த ஊர் ஒயினுக்கு மட்டுமே வைக்கலாம். தலைவியின் பள்ளத்தாக்குப் பெயரும் ஏறியிருந்தது. போன வாரம் யாரோ ஒரு மொட்டைக் கடிதத்தோடு இந்தப் பாட்டிலை வர்த்தக இலாகாவுக்கு அனுப்பிவிட்டார்கள்; இலாகா அதைச் சங்கத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருந்தது. கடல் கடந்த ஒரு தொழிற்சாலை நாற்பது வருஷத்துக்கு முன்பே அதே பெயரில் ஒயின் விற்றதாக லேபிள் சொன்னது.

"பொதுப் பேருன்னு ஆயிட்டா பட்டியல்லேருந்து அடிச்சுடுவாங்க. அப்புறம் எவன் வேணா சக்கரைத் தண்ணியில எங்க பேரை ஒட்டுவான். நாளைச் சாயங்காலம் வரைதான் கெடு. பாட்டில் எங்க நிலவறையோடதுதான், எனக்குத் தெரியும். ஆனா நிரூபிக்கணுமே."

"சாவி யார் யார்கிட்ட?"

"செயலாளர், லேபிள் அடிக்கிற அச்சகக்காரர், நிலவறையைப் பாத்துக்கற என் தம்பி."

"அச்சகக்காரர்தான் அண்ணி, சந்தேகமே இல்ல" என்றார் போட்டோக்காரர்.

"காபியாவது குடிச்சிட்டுக் கண்டுபிடிங்க" என்று அண்ணி பாட்டிலைத் திருப்பினார். "லேபிள் ஓரத்துல வெள்ளையா என்ன அது?"

"ஏதோ பறவை வேலை."

சங்க அலுவலகச் சுவரில் எல்லை வரைபடம் தொங்கியது. கோட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் பெயர். ஓடையை ஒட்டியே போன கோடு, ஓர் இடத்தில் மட்டும் உள்ளே வளைந்து ஒரு தோட்டத்தை வெளியே தள்ளியிருந்தது.

"எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்று போட்டோக்காரர் அதையும் படம் எடுத்தார்.

நிலவறையில் படுத்திருந்த ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு வெள்ளைத் தீற்றல். செயலாளர் விளக்கினார். "சுண்ணாம்புங்க. அது எப்பவும் மேல்பக்கம் இருக்கணும். இடம் மாத்தினாலும் அடியில படிஞ்ச மண்டி கலையாது."

அண்ணி சாவிக்காரர்கள் மூவரையும் கூட்டி ஆளுக்கொரு புதுப் பாட்டிலைக் கொடுத்தார். "இதை அடுக்குல வைங்க, பாப்போம்."

செயலாளர் வைத்தார். அச்சகக்காரர் உருளவிட்டுப் பிடித்து வைத்தார். தம்பி அண்ணியைப் பார்த்தபடியே சுண்ணாம்புச் சட்டியில் இரண்டு விரலைச் சேர்த்துத் தொட்டு, பாட்டிலில் இழுத்து, படுக்க வைத்தார். பிறகுதான் தன் விரலைப் பார்த்தார்.

"கை பழகிப் போச்சு, இல்லையா?" என்றார் அண்ணி. "பொய் லேபிளை ஒட்டிப் பொட்டியில படுக்க வைக்கிறப்பவும் அப்படித்தான் இழுத்திருக்கீங்க. ரெண்டு விரல் அகலம், அதுவும் லேபிளுக்கு மேல. வெளிநாட்டுப் பாட்டில்ல நம்ம சுண்ணாம்பு எப்படி வரும்? வரைபடத்துல எலி கடிச்ச தோட்டம் உங்களோடதுதானே?"

தம்பி மறுக்கவில்லை. "எனக்கில்லாத பேரு இங்க ஒருத்தருக்கும் வேணாம்னுதான் அனுப்பினேன். கோடு போட்டது யாருன்னு கேளுங்க."

"நான்தான் போட்டேன்" என்றார் தலைவி. "அம்மா செத்ததை மூணு நாள் கழிச்சுச் சொன்னவனுக்கு எதுக்கு அம்மா ஊர்ப் பேரு? ஜெயிலுக்குள்ள தள்ளாம விடமாட்டேன்."

"தள்ளுங்க. ஆனா அனுப்பினவரே பொய்னு எழுதித் தந்தாத்தான் ஆட்சேபம் நாளைக்கே விழும்" என்றார் அண்ணி. "வழக்குன்னு போனா, அதுக்குள்ள ஒப்பந்தம் கையெழுத்தாயிடும்."

"அக்கா கோட்டை நேராக்கட்டும். எழுதித் தரேன்."

தலைவி மேலே போய் வரைபடத்தைக் கழற்றி வந்தார். வளைவை அழித்து, ஓடையை ஒட்டிக் கோட்டை இழுத்து, கையெழுத்துப் போட்டார். தம்பியும் எழுதிக் கொடுத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"சமாதானமாயிட்டாங்க, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று போட்டோக்காரர் கிசுகிசுத்தார். அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தார்.

தலைவி கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

"தம்பி, இப்ப நீயும் கோட்டுக்குள்ள. விதி தெரியுமில்ல? பேரு ஒட்டுறதுக்கு முன்னால ஒவ்வொரு பீப்பாயையும் தலைவி ருசி பாத்துச் சரின்னு சொல்லணும். பாப்போம், எத்தனை வருஷம் உன் சரக்கு என் நாக்குக்குப் புளிக்குதுன்னு."

தம்பி இரண்டு விரலையும் சட்டையில் துடைத்தார். சுண்ணாம்பு போகவில்லை.