லிம்மாட் கரையில் கரைத்தது

கோடையிலும் பனியிலும் ஒரே குளிர்ச்சியோடு வரும் நிலத்தடித் தண்ணீர் அன்றைக்கு வெதுவெதுப்பாக வந்தது. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோல் ரிஷானி கையை இழுத்துக்கொண்டாள். சுவிஸ் நாட்டு ஷ்லீரன் ஊரில் குடிதண்ணீர்ப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது அவளுடைய வேலை. தேங்கிக் கிடக்கும் பழைய தண்ணீரைப் பம்பால் இறைத்துத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து புதிது வந்த பிறகுதான் போத்தலை நிரப்ப வேண்டும். பழையதுதான் சூடேறிக் கிடக்கிறது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு இறைத்தாள்.

இறைக்க இறைக்கச் சூடு ஏறியது. லிம்மாட் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்னக் கிணற்றுக் கட்டடத்துக்குள் பம்பின் உறுமலும், ஈரச் சீமெந்து வாசமும், சன்னலில் மங்கும் பின்னேர வெளிச்சமும் எப்போதும்போல்தான் இருந்தன. ஆனால் வாளியிலிருந்து சிகரெட்டும் தைலமும் கலந்த ஒரு மணம் எழும்பியது. அந்த மணத்துக்குப் பக்கத்தில் அவள் ஏழு வருடம் படுத்திருக்கிறாள்.

புருஷன் சயனின் மணம். அவள் பிரிவதற்கு வழக்குப் போட்டபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "செத்தாலும் பிள்ளையை உம்மட்டை விடமாட்டன்" என்று சொன்னவன். அவன் செத்த பிறகு அஸ்தியைத் தூரத்து ஆறொன்றில் முறையாகக் கரைக்கும்படி சொந்தக்காரர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலைக்கு வரும் வழியில், வேலி போட்ட இந்தக் கரையில், வேலிக் கதவின் திறப்பு கையில் இருந்த வசதிக்குக் கொட்டித் தலைமுழுகினாள். ஆற்றுத் தண்ணீர் ஊறித்தான் இந்தக் கிணறு நிறைகிறது என்பது யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். இடையில் கிடக்கும் சரளைமண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்று நம்பினாள், பாவி.

வாளிக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பம்பை நிறுத்தினாள். செருமல் நிற்கவில்லை.

கைபேசி அடித்தது. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை கோபிஷா. அகரன் மத்தியானத்திலிருந்து குசினிக் குழாயை விட்டு அகலவில்லையாம், கோப்பை கோப்பையாகக் குடிக்கிறானாம், இழுத்தால் கடிக்கிறானாம். இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் அந்தக் குழாயிலும் வருகிறது. ரிஷானி உடனே குழாயைப் பூட்டச் சொன்னாள்.

"பூட்டித்தான் கிடக்கு, அக்கா. தண்ணி வருது."

ஓடினாள். தெரு. படிகள். திறந்து கிடந்த கதவு. கோபிஷா சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தாள், கடிபட்ட கையை மடியில் வைத்தபடி.

குசினி. கதிரையில் ஏறி நின்ற நாலு வயதுப் பிள்ளை. முதுகு மட்டும் தெரிந்தது. குழாயில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தண்ணீர்.

"அம்மா வந்திட்டன், ராசா. இறங்கு."

அவன் தொண்டையைச் செருமினான். பெரிய ஆளின் செருமல். திரும்பினான். பால்பற்களுக்கிடையில் சாம்பல்.

"சொன்னனான்தானே," என்றான். சயனின் குரல்.

பிறகு, அதே வாய்க்குள்ளிருந்து, வெகு ஆழத்திலிருந்து, இன்னொரு குரல் வந்தது.

"அம்மா, குளிருது."

அவளைப் பார்த்தபடியே அவன் கோப்பையை நிரப்பினான். அந்தக் குரல் மூழ்கும்வரை மெதுவாகக் குடித்தான்.