அடுத்த கல்லுக்கு அடியில்

வகுப்பில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். எனக்குப் பேச வராது என்பதில்லை. பேசலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

அப்பாவிடம் மட்டும் ஓயாமல் பேசுவேன். ஆனால் அதற்கு அவர் விழித்திருக்க வேண்டும். அவருக்கு பேக்கரியில் வேலை. ஊர் தூங்கும்போது மாவு பிசைவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குறட்டை விடுவார். பேக்கரிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை.

குளிர்காலம் வந்ததும் எங்கள் அறிவியல் டீச்சர் ஞாயிறு காலையில் கடற்கரைக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போவார். "வீட்டுல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். நான் அப்பாவைக் கேட்டேன்.

"நான் எதுக்கு பாப்பா? படிச்சவங்கல்லாம் வருவாங்க. காக்காவையும் புறாவையும் விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாததைப் பாக்கத்தானேப்பா போறோம்?"

அப்பா என் பள்ளிக்கூட விழாவுக்குக்கூட உள்ளே வந்ததில்லை. கேட் வரைக்கும் வருவார். "நீ போ, நான் இங்கயே நிக்கறேன்" என்று நின்றுவிடுவார். இந்த முறை நான் விடவில்லை. அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன்.

"போயிட்டுத்தான் வாங்களேன். இல்லேன்னா இவ சட்டையைக் கிழிச்சுடுவா" என்றார் அம்மா.

"சரி. ஒரே ஒரு தடவை" என்றார் அப்பா.

அந்த ஒரு தடவை அவருக்குப் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் கேட்டிலேயே நின்றுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. காற்று காதுக்குள் புகுந்து ஊதியது. அப்பா மூக்கு வரை மப்ளர் சுற்றியிருந்தார். மூச்சு விடும்போதெல்லாம் அவருடைய தடித்த கண்ணாடியில் ஆவி படிந்தது. கையில் ஒரு பெரிய பை.

"பையில என்னப்பா?"

"பன்னு. நேத்து மீந்தது. பறவை பாக்கப் போறோம், வெறுங்கையோட போகலாமா?"

சொல்லிக்கொண்டே ஒரு பன்னைப் பிய்த்து மணலில் போட்டார். எங்கிருந்து வந்தனவோ, காக்கைகள் கூட்டமாக வந்து இறங்கின.

"ஐயையோ, போடாதீங்க!" என்று டீச்சர் ஓடி வந்தார். "காக்கா வந்தா மத்த பறவை எல்லாம் பறந்துடும். அதுங்களுக்கு ரொட்டி ஒத்துக்காதுங்க."

"அங்கிள் காக்காவுக்குக் கல்யாண விருந்து வைக்கறாரு" என்றான் மேதாவி.

மேதாவி என் வகுப்புப் பையன். எதைக் கேட்டாலும் "இதுகூடத் தெரியாதா?" என்பான். அதனால் அந்தப் பெயர். சோடாபுட்டிக் கண்ணாடி அதற்குப் பொருத்தமாக இருக்கும்.

அப்பா பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

நாங்கள் கூழாங்கற்கள் கிடந்த பகுதிக்கு வந்தோம். டீச்சர் முக்காலியில் தொலைநோக்கியைப் பொருத்தினார். கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் திருப்பினார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"ஒருத்தர் வந்திருக்காரு. ரொம்ப வடக்க இருந்து, பனிப் பிரதேசத்துல இருந்து வர்றவரு. அந்தக் கல்லுங்களுக்கு நடுவுல நிக்கறாரு. வெறுங்கண்ணுக்குக் கல்லு மாதிரியேதான் தெரிவாரு. பேரை இப்பச் சொல்ல மாட்டேன். என்ன செய்யறாருன்னு பாத்துட்டு நீங்க சொல்லுங்க."

முதலில் என்னைக் கூப்பிட்டார். தொலைநோக்கியின் ரப்பர் வளையத்தில் கண்ணை ஒட்டி வைத்தேன். பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஆரஞ்சுக் கால்கள். அது செய்த காரியத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சொல்லாதே. எல்லாரும் பாக்கட்டும்" என்றார் டீச்சர்.

அடுத்து பேங்க் அக்கா பார்த்தார். அவர் பேங்கில் வேலை பார்ப்பவர், எல்லா வாரமும் வருவாராம். "அருமை! அருமை!" என்றார். மேதாவி பார்த்தான். "சிறகு சூப்பர் டீச்சர்" என்றான்.

பிறகு அப்பா. குனிந்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி குனிந்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"அடடா! என்னமா நீந்துது!" என்றார்.

டீச்சர் திரும்பிக் கூழாங்கற்களைப் பார்த்தார்.

"கல்லு மேல எப்படி அங்கிள் நீந்தும்?" என்று கேட்டுவிட்டு மேதாவி கெக்கெக்கே என்று சிரித்தான்.

"டேய்!" என்று டீச்சர் அவனை அதட்டினார். ஆனாலும் அப்பாவின் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"நீங்கல்லாம் பாருங்க. நான் அங்க நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சாலைக்கு ஏறும் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பள்ளிக்கூட கேட்டில் நிற்பாரே, அதே மாதிரி.

அங்கே அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தார், மாட்டினார், கழற்றித் திரும்பவும் துடைத்தார்.

கண்ணாடி!

நான் தொலைநோக்கிப் பக்கம் போனேன். எனக்குக் கண் ரப்பர் வளையத்தில் ஒட்டியது. கண்ணாடி போட்டவருக்கு எப்படி ஒட்டும்? நடுவில் கண்ணாடி இடிக்குமே. என் தலையை ஒரு விரல் அளவு பின்னால் இழுத்துப் பார்த்தேன். பறவை காணாமல் போனது. எல்லாம் கறுப்பு. நடுவில் மிளகு அளவுக்கு ஒரு வெளிச்சம்.

அப்பா பார்த்தது இதைத்தான்.

"எங்க அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியல" என்று டீச்சரிடம் சொல்லிவிடலாம். சொன்னால் மேதாவி இன்னொரு தடவை சிரிப்பான். அப்பா படியேறி வீட்டுக்கே போய்விடுவார்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். படிக்கட்டு வரை கேட்கிற மாதிரி கத்தினேன்.

"டீச்சர்! எனக்கு எல்லாம் கறுப்பாத் தெரியுது!"

"ஊமைக்கோட்டான் பேசுது!" என்றான் மேதாவி.

"நீ நல்லாப் பாத்துச் சிரிச்சியேம்மா?" என்றார் டீச்சர்.

"கண்ணை ஒட்டி வச்சா தெரியுது. கொஞ்சம் தள்ளி வச்சா கறுப்பாயிடுது. கண்ணாடி போட்டவங்களுக்குக் கண்ணு தள்ளித்தானே இருக்கும் டீச்சர்?"

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் புத்தியே புத்தி! நான் கண்ணாடி போடறதில்லையா, அதான் தோணவே இல்ல. இந்த வளையத்தைத் திருகி உள்ள இறக்கணும்!"

திருகி இறக்கினார். பேங்க் அக்கா தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். அவரும் கண்ணாடிக்காரர்தான். எட்டிப் பார்த்தவர், "அட, பறவை இருக்கு!" என்று துள்ளினார்.

"அப்ப இத்தனை நாளா 'அருமை அருமை'ன்னு சொன்னீங்களே?" என்றார் டீச்சர்.

"எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு."

எல்லாரும் மேதாவியின் பக்கம் திரும்பினோம். அவன் தன் கால் கட்டைவிரலை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு... கொஞ்சூண்டு தெரிஞ்சுது" என்றான்.

நான் படிக்கட்டுக்கு ஓடினேன்.

"வாங்கப்பா! இப்பத்தான் டீச்சர் சரி பண்ணாங்க. கண்ணாடி போட்ட யாருக்குமே தெரியலையாம்!"

"யாருக்குமேவா?"

"யாருக்குமே."

அப்பா வந்தார். மப்ளரை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டேன், ஆவி படியக் கூடாதல்லவா? குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"பாப்பா, இது வேலை செய்யுது!" என்றார் திடீரென்று. "ஒவ்வொரு கல்லாப் புரட்டிப் போட்டு, அடியில என்ன இருக்குன்னு பாக்குது. பன்னு வெந்துடுச்சான்னு நான் அடிப்பக்கம் திருப்பிப் பாப்பேன் பாரு, அதே மாதிரி!"

"அதோட பேரே அதுதாங்க" என்று டீச்சர் கைதட்டினார். "கல்திருப்பி உள்ளான். பாத்ததும் கரெக்டா சொல்லிட்டீங்க!"

மேதாவி பொறுமையில்லாமல் நின்றான். "அங்கிள், கொஞ்சம் நகருங்க. நான் பாக்கணும்."

"இருப்பா. அடுத்த கல்லுக்கு அடியில என்னன்னு பாத்துடறேன்."

அவன் பாவம், நான்கைந்து கல் வரைக்கும் காத்திருந்தான்.

வெயில் ஏறியதும் எல்லாருக்கும் பசித்தது. அப்பாவின் பை முன்னால் வந்தது. ரொட்டி போடாதீர்கள் என்று ஓடி வந்த டீச்சர், தானே இரண்டு பன் சாப்பிட்டார். மேதாவி மூன்று. "சூப்பர் அங்கிள்" என்றான். அது பொய்யில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

திரும்பி நடக்கும்போது அப்பா கேட்டார். "உனக்கு நெஜமாவே கறுப்பாத்தான் தெரிஞ்சுதா?"

"ஆமாப்பா. தலையைப் பின்னால வச்சப்ப."

"எதுக்குப் பின்னால வச்சே?"

நான் பதில் சொல்லவில்லை. சில சமயம் ஊமைக்கோட்டானாக இருப்பதும் வசதிதான். அப்பாவும் மேலே கேட்கவில்லை. மப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டார். அதில் பேக்கரி வாசனை அடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குளிருக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நான் தூங்கிக்கொண்டிருந்தேன். யாரோ என் தோளை உலுக்கினார்கள். மப்ளரும் பளபளவென்று துடைத்த கண்ணாடியுமாக அப்பா நின்றிருந்தார்.

"எழுந்திரு பாப்பா, சீக்கிரம்! நாம போறதுக்குள்ள அது எல்லாக் கல்லையும் புரட்டி முடிச்சுடப் போகுது!"