டத்தோ வரும்வரை

ஜார்ஜ் டவுனில் அந்தப் பழைய வியாபாரி வீட்டை இப்போது விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மனைவி பிரமிளாவின் வளைகாப்புக்கு லோகேஸ்வரன் அதைத்தான் பிடித்திருந்தான். ஊர்த் தமிழர் சங்கத்தில் அவன் துணைச் செயலாளர். அதைவிடப் பெரிய பெருமை, அரசாங்கம் பட்டம் கொடுத்த ஒரு டத்தோவின் கைப்பேசி எண் அவனிடம் இருந்தது. முதல் வளையல் டத்தோவின் மனைவி கையால்தான்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசனையை மல்லிகை மறைக்கப் பார்த்தது. பிரமிளாவின் முகமும் பாதமும் வீங்கியிருந்தன. தாய்மைக் களை என்றார்கள். பிரஷர் அதிகம் என்று போன வாரமே கிளினிக்கில் எச்சரித்திருந்தார்கள்.

"என்னங்க, தலை பிளக்குது. கண்ணுல பூச்சி பூச்சியா பறக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"கண்ணு பட்டிருக்கு லா," என்றாள் நாத்தனார் ஜெகதீஸ்வரி. "இவ்ளோ டெக்கரேஷன் பண்ணா படாதா?" உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

"டத்தோ பாலத்துல ஜாம்ல மாட்டிக்கிட்டாரு," என்றான் லோகேஸ்வரன். "கொஞ்சம் பொறுத்துக்க மா."

பொறுத்தாள்.

டத்தோ நுழைந்ததும் எல்லா விளக்கையும் போட்டார்கள்.

"ஏன் விளக்க அணைச்சிட்டீங்க?" என்றாள் பிரமிளா.

யாரும் அணைக்கவில்லை.

அடுத்து வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். உயிர் இல்லை. பிரஷரால் போன பார்வை சில நாளில் திரும்பலாம் என்றார் டாக்டர்.

"அதுவரைக்கும் பிள்ளையப் புதைக்காதீங்க. ஒரு தடவ முகத்தப் பாத்துக்கிறேன்."

நல்ல நேரம் பார்த்துப் புதைத்துவிட்டார்கள். டத்தோ மலர்வளையம் அனுப்பினார். ரிப்பனில் அவர் பெயர்தான் பெரிது.

அன்றிலிருந்து கட்டிலில் பிரமிளாவின் கைகள் எதையோ ஏந்தியபடியே இருந்தன.

"இடது காது மடங்கியிருக்கு, பாவம்," என்றாள்.

லோகேஸ்வரன் கட்டிலிலிருந்து ஓரடி பின்வாங்கினான். துணி சுற்றும்போது அந்தக் காதை அவன்தான் நிமிர்த்திவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

சில நாளில் பார்வை திரும்பியது. அம்மன் அருள் என்று ஜெகதீஸ்வரி பேஸ்புக்கில் போட்டாள். பிரமிளா தன் வெறும் கைகளைப் பார்த்து அலறினாள்.

"எங்க அவ? இருட்டுல என்கிட்டதானே இருந்தா!"

பாயான் பாருவில் தங்கள் வீட்டுக்குப் பிரமிளாவை அழைத்து வந்த அன்று மாலை மழை. ஜன்னல்களிலெல்லாம் கனத்த திரை போட்டுக் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். அறையில் பால் வாசனை.

லோகேஸ்வரன் சுவிட்சைத் தடவினான்.

"போடாதீங்க," என்று கிசுகிசுத்தாள். "இப்பத்தான் குடிக்கிறா."

அவன் கை அப்படியே நின்றது.

இருட்டுக்குள் சின்னதாக, விடாமல், சப்பும் சத்தம்.