பாதியில் விட்ட வேலை

அவள் பாதியில் விட்டுப்போன துணிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

ஈரக்கையோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலோரம் நாற்காலியில் கணவர். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். குறுக்கே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வசவு கைவசம் வைத்திருந்தவர். மறதி நோய் பெயர்களை அழித்தபோதுகூடத் தாங்கிக்கொண்டாள். எட்டு மாதமாக அவருக்குப் பசியில்லை, கோபமில்லை, கூப்பிட்டால் திரும்புவதுமில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“எல்லாத்தையும் நீங்களே முடிக்காதீங்கக்கா,” என்று வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் சொல்லியிருந்தாள். “பாதி செஞ்சுட்டு அவர் பக்கத்துல விட்டுட்டுப் போங்க. கைப்பழக்கத்துல மீதிய அவரே முடிச்சிடுவார்.”

முடித்துவிட்டாரே!

“என்னங்க, நீங்களா மடிச்சீங்க? சும்மா தலையையாவது ஆட்டுங்களேன்.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் உள்ளங்கையில் அவள் வைத்த மாத்திரை உருளாமல் அங்கேயே இருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் வந்துவிட்டாள்.

மறுநாள் பாதி உரித்த பட்டாணியை அவர் மடியருகே வைத்தாள். அதற்கடுத்த நாள் பாதி துடைத்த மேசை. சமையலறையில் மூச்சை அடக்கி நின்றால் அந்த அறையிலிருந்து துணி உரசும் சத்தமும், தோல் கிழியும் சின்னச் சத்தமும், ஈரத் துணியை நாளெல்லாம் மூடி வைத்ததுபோன்ற ஒரு வாடையும் மெல்ல வந்தன. அவள் எட்டிப் பார்க்கும் நொடியில் எல்லாம் அடங்கிப்போகும். வேலை முடிந்திருக்கும். அவர் நகங்களில் பச்சைக் கறை இருக்காது. மேசை ஈரமாக இருக்கும், அவர் கை காய்ந்திருக்கும். துணி மடிப்பும் அவளுடைய மடிப்பு மாதிரியே இருந்தது. யாரிடம் சொல்வது? அவளுக்கும் மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

இன்று மதியம் கட்டிலில் சாய்த்து ஊட்டினாள். ஊட்டியதெல்லாம் கடைவாயில் வழிந்தது. அவள் தூங்கி மூன்று நாளாகியிருந்தது.

“வேணாம்னாவது சொல்லுங்களேன்! என்னைத் திட்டுங்களேன்!”

தலையணையை எடுத்து அவர் முகத்தில் வைத்தாள். அழுத்தினாள். அவர் கையைக்கூட அசைக்கவில்லை. சாகிறதும் ஒன்றுதான், இருக்கிறதும் ஒன்றுதான் என்பதுபோல் கிடந்தார். அதுதான் அவளை உலுக்கியது. தலையணையை வீசிவிட்டுச் சமையலறைக்கு ஓடிவந்து, குழாயைத் திறந்து, கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். “ச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?”

அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

எழுந்துவிட்டாரா? ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது.

பிறகு துணி உரசும் சத்தம். அந்த வாடை.

பாதி. பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ஓடினாள். கதவைத் தள்ளினாள். கால் அதற்குமேல் நகரவில்லை.

அறையில் வேறு யாருமில்லை. அவர் முகத்தின்மேல் தலையணை. அதன் நடுவே உள்ளங்கை அளவுக்கு இரண்டு பள்ளங்கள், மெதுவாக, இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தன. எட்டு மாதமாக எதையும் வேண்டாதிருந்த அவருடைய கை, விரல்களை விரித்து, காற்றைப் பிறாண்டியபடி அவளைத் தேடி நீண்டது.